என் தங்கை பொன்னி என் வீட்டில் குடியிருக்கவில்லை என்பது குறித்து

அனுப்புநர்
காத்தவராயன் (வயது 80),
த/பெ. காலஞ்சென்ற சடையன்,
செங்கம் சாலை, ரமணாசிரமம் பகுதி,
திருவண்ணாமலை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் குடியிருந்துவரும் என் தங்கை பொன்னி (வயது 74) பெயர் முகாம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது – அதற்குக் காரணம் நான் சொன்ன பொய் – பெயரை மறுபடி சேர்த்து, அவர் குடும்பத்துக்கு ஒதுக்கிய வீட்டைக் கொடுக்க வேண்டுதல் – என் மீதே புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குக் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது:

1. கம்பெனித் தோட்டங்களை எல்லாம் இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைமார் பங்களாச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போன மறு வருடம் அது. இங்கே நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. தை மாதத்தில் சென்னையில் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். அந்த மாசியில் நானும் என் அம்மாவும் என் மனைவி சரசுவும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வருடத்தை எண்ணாகச் சொல்லவும் வராது. நான் சொல்லச் சொல்ல இந்த மனுவை எழுதித் தரும் வீரேந்திரன் கணக்குப் பார்த்து அது 1976 என்கிறார். இவர் தங்கள் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவர்.

2. எங்கள் தாத்தா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள். பஞ்சத்தில் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், அங்கேயே மண்ணானார். அப்பாவும் நானும் பொன்னியும் அங்கே லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், பிறந்தவர்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் அங்கேயே என்று எங்களைப் பங்கு பிரித்தன. எங்கள் குடும்பத்துக்கு இந்தியக் காகிதம் வந்தது. பொன்னி அதற்கு முன்பே கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துத் தசரதன் வீட்டுக்குப் போய்விட்டதால், அவள் பெயர் அவர்கள் வீட்டு மனுவில் சேர்ந்துவிட்டது. அந்த மனுவுக்குக் காகிதம் வரவில்லை. வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் கலவரத்தில் கப்பலே நின்றுவிட்டது.

3. நாங்கள் கிளம்பிய ரயிலை மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்பார்கள். வண்டி நகரும்போது எல்லாரும் அழுதார்கள். பொன்னி அழவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்து, “போய் எடம் புடிச்சு வைங்க அண்ணே, பின்னாலயே வந்துருவோம்” என்றாள். பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

4. ஐயா, நான் இடம் பிடித்தேன். மண்டபம் முகாமில் எனக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். தாயகம் திரும்பியவர் என்று பெயர் வைத்து, தொழில் செய்யக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனில் செங்கம் சாலையில் டீக்கடை போட்டேன். சனங்கள் அதைச் சிலோன் டீக்கடை என்றார்கள். ஓட்டுப் போட்டேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தியானதும், கடைக்குப் பின்னால் இருந்த இடத்தை என் பெயரில் பத்திரம் போட்டு வாங்கி இரண்டு அறை கட்டினேன். பிறகு என் மகன் சுரேஷ்குமாருக்கு வங்கி கடன் கொடுத்தது. இன்றைக்கு மூன்று மாடி, மேலே சோலார் வெந்நீர். எங்களோடு இறங்கியவர்கள் எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடன் தொகையைத் தரகரிடம் பறிகொடுத்தவர்கள் உண்டு. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கி, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் விழுந்தால் எழுந்திருக்கக் காலடியில் ஒரு தரை இருந்தது. இந்த நாட்டு ஆள் என்ற காகிதம்தான் அந்தத் தரை.

5. பொன்னியும் தசரதனும் கைக்குழந்தை எழிலரசியும் தோட்டத்தில் அடி வாங்கி வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கேயும் இருக்க முடியாமல் மன்னாரிலிருந்து படகில் வந்தார்கள். நம் ராணுவம் அங்கிருந்து திரும்பி வந்த வருடத்து ஆனி மாதம். படகுக்காரன் தனுஷ்கோடி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவர்களையும் அதே மண்டபத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் இறங்கிய இடம், நான் குளித்த கிணறு. என்னைத் தாயகம் திரும்பியவர் என்று எழுதினார்கள், அவளை அகதி என்று எழுதினார்கள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பொன்னி தாத்தாவின் ஊர்ப் பெயரைப் பதிவு எழுதுகிறவர்களிடம் ஒப்பித்துக் காட்டினாள். அதை எழுதக் கட்டம் இல்லை என்றார்கள்.

6. நான் மண்டபத்துக்குப் போய் அலைந்து, அவர்களை இந்த மாவட்டத்து முகாமுக்கு மாற்றி வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அவள் குடும்பமும் என் குடும்பமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னைப் போல் யாருக்கும் சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அரசாங்கம் அவர்களைப் பட்டினி போட்டதில்லை. மாதப் பணமும் அரிசியும் தவறாமல் வந்தன. பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தது. சொல்லப்போனால் முகாம் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிட நன்றாகப் படித்தார்கள். எழிலரசி கணக்கில் பட்டம் வாங்கினாள். என் மகன் பத்தாவதைத் தாண்டவில்லை. அவனுக்குக் கடன் கொடுக்க வங்கி மேனேஜர் வீட்டுக்கே வந்தார். இவள் அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்வியிலேயே பேனா நின்றுவிடும். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். முகாம் ஆண்களுக்குப் பெயிண்ட் வேலை. வேறு வேலைக்கு யாரும் நம்பிக் கூப்பிடுவதில்லை. பொன்னி முகாம் குடிசை வாசலில் ஒரு முருங்கை வைத்து வளர்த்தாள். ஊருக்கே காய் கொடுத்த அந்த மரத்துக்குக்கூட அவள் சொந்தக்காரி இல்லை.

7. இனிமேல் சொல்வதை எழுத வேண்டாம், மனுவுக்குத் தேவையில்லை என்று வீரேந்திரன் தடுத்தார். “இதெல்லாம் கலெக்டருக்கு எதுக்கு பெரியவரே, விஷயத்துக்கு வாங்க” என்றார். இதுதான் விஷயம் என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறார்.

8. பொன்னி பல வருடங்களாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தங்கையாக வரவில்லை. அறைகளில் தங்குகிறவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்து வைக்கும் வேலைக்கு வந்தாள். சும்மா கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூலியாகக் கொடுத்தேன். காலையில் ஷேர் ஆட்டோவில் வருவாள், சாயங்காலம் இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிடுவாள். விருந்தாளிகள் அவளை ‘லாண்டரி அம்மா’ என்று கூப்பிடுவார்கள். அவள் என் கூடப் பிறந்தவள் என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆட்கள் இருக்கும்போது என்னை ‘மொதலாளி’ என்பாள், ஆள் இல்லாதபோது ‘அண்ணே’ என்பாள். அப்படிக் கூப்பிடு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தசரதனும் அப்படித்தான். எங்கள் மூன்றாவது மாடிக்கு வெளிப்பூச்சு அடித்தவர் அவர். வீட்டுக்குள் மச்சான் என்று கூப்பிடுவேன். சாரத்தில் மற்ற ஆட்களோடு நிற்கும்போது “ஏம்பா, அந்த மூலை விட்டுப்போச்சு பார்” என்பேன். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, முகாமுக்குப் போய் மாலை போட்டுவிட்டு, அறைக்கு ஆள் வரும் நேரம் என்று திரும்பிவிட்டேன்.

9. இந்த வருடம் ஆவணியில் பொன்னிக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். தூசு படக்கூடாது என்றார் டாக்டர். முகாமில் அப்போது பழைய வீடுகளுக்குப் பக்கத்திலேயே புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்ததால் சிமெண்டுத் தூசு. கண் ஆறும் வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்று நான்தான் கூட்டி வந்தேன். என் வீட்டில் அவள் இராத்தங்கியது அதுதான் முதல் தடவை. முகாமில் மாதாமாதம் ஆள் கணக்கெடுப்பார்கள்; பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணுவதைப் பிரட்டு என்போம். பொன்னி இதையும் பிரட்டு என்றுதான் சொல்வாள், ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. “பெரட்டுக்குப் போகணும் அண்ணே, ஒரு ஆட்டோ வச்சு விடுங்க” என்று கேட்டாள். கண்தான் முக்கியம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை நிறுத்தினேன். அடுத்த மாதமும் நிறுத்தினேன். அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று எழிலரசி சொன்னாள். சரி என்றேன், போகவில்லை.

10. இரண்டு மாதம் கணக்கெடுப்புக்கு அவள் வராததால், புரட்டாசியில் ஒரு மத்தியானம் முகாம் அதிகாரி விசாரணைக்கு என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் வருவதற்குச் சற்று முன்னால்தான், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் நேமிநாதன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் எழிலரசி தன் அம்மாவைப் பார்க்க வந்து, என்னை மாமா என்று கூப்பிட்டதை அவர் கேட்டிருக்கிறார். “இன்னா காத்தவராயா, துணி தொவைக்கிற அம்மா உன் தங்கச்சியாமே? இத்தினி வருஷமா வேலைக்காரம்மான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்” என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார். பால் ஊற்ற வந்தவர் நின்று கேட்டார். மாடிப்படியில் இருந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு, தமிழ் தெரிந்த ஒரு பையன் அதை மொழிபெயர்த்துச் சொன்னான்.

11. அந்த நேரத்தில்தான் அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, “பாட்டி இங்கதான் தங்கியிருக்காங்களா பெரியவரே?” என்று கேட்டார். கண் ஆபரேஷன், கொஞ்ச நாளுக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதிகாரிக்குப் பதில் சொன்னேன். “கூடப் பொறந்தவ சார். வேற எங்க இருப்பா? வந்த நாள்லேருந்து என் வூட்லதான் இருக்கா. கீழ் ரூம் அவளோடதுதான். முகாம் சோறு அவளுக்கு எதுக்கு சார்?” என்றேன். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா எழுதிக்குவேன்” என்றார். தாராளமாக எழுதுங்கள் என்றேன். எழுதி, படித்துக் காட்டினார். ரேகை வைத்தேன். பொன்னி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதி மடித்த விரிப்போடு துணி உலர்த்தும் கொடியடியில் நின்றிருந்தாள். அதிகாரி அவளிடமும், “அப்படியா பாட்டி?” என்று கேட்டார். அவள், “அண்ணன் சொன்னா சரிதானுங்க சார்” என்றாள்.

12. எல்லாரும் போனபிறகு அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “நாலு பேர் முன்னால என்னைத் தங்கச்சின்னு சொல்லிட்டீங்களே அண்ணே, அதுவே போதும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, விரிப்பை மடித்து வைத்துவிட்டு, “அந்த ரூம்ல யாரு அண்ணே இப்ப இருக்கா? ரசியாக்காரவுகளா?” என்று கேட்டாள். நான் சொன்ன கீழ் அறையின் உள்பக்கத்தை அவள் விரிப்பு மாற்றும்போதுதான் பார்த்திருக்கிறாள். அவள் படுத்தது மாடிப்படிக்குக் கீழே, தலையணை உறைகளை அடுக்கி வைக்கும் இடத்தில்.

13. இதன் விளைவு தங்களுக்குத் தெரிந்ததே. வெளியில் நிரந்தரமாக வசிப்பவர், வசதியான உறவினர் உள்ளவர் என்று பொன்னியின் பெயர் முகாம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. குடும்பத் தலைவி அவள் என்பதால், அவளுக்கும் எழிலரசிக்கும் சேர்த்து ஒதுக்கியிருந்த புது வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பழைய குடிசைகளைத் தீபம் முடிந்ததும் இடிப்பதாக அறிவித்தாயிற்று. முப்பத்தைந்து வருடம் கழித்து, தளம் போட்ட கூரைக்குக் கீழே படுக்கப்போகிறோம் என்று தாயும் மகளும் சுவருக்கு என்ன வர்ணம் என்பது வரை பேசி வைத்திருந்தார்கள்.

14. நீங்கள்தான் வீடு கொடுத்ததாகச் சொன்னீர்களே, கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். வீடு இப்போது சுரேஷ்குமார் பெயரில் இருக்கிறது. தீபத்துக்கு எல்லா அறையும் போன வருடமே பேசி வைத்தவை. “அத்தை இருக்கட்டும்பா, நான் இன்னா போகவா சொன்னேன்? தீபம் வரைக்கும் படிக்குக் கீழ இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறான். கெட்டவன் இல்லை. நான் அவனுக்கு எப்படிக் காட்டினேனோ அப்படித்தான் அவன் அவளைப் பார்க்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு இந்திய நாட்டுக் குடியுரிமை கேட்டு மனுச் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். செய்வோம். அது வரும்வரை அவள் எங்கே படுப்பாள்? காகிதம் வரும் வரும் என்று காத்திருந்ததை அவள் ஒரு தடவை பார்த்துவிட்டாள்.

15. ஆகையால் தாங்கள் தயவு கூர்ந்து,

(அ) புரட்டாசி மாதம் நான் ரேகை வைத்துக் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று பதிவு செய்ய வேண்டும்;

(ஆ) பொன்னியின் பெயரை முகாம் பதிவேட்டில் முன்பிருந்த இடத்திலேயே சேர்க்க வேண்டும்;

(இ) பழைய குடிசையை இடிப்பதற்கு முன்பாக, அவளுக்கும் எழிலரசிக்கும் ஒதுக்கிய வீட்டின் சாவியைக் கொடுக்க வேண்டும்;

(ஈ) அரசாங்க அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு என் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்க வேண்டும். வயதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம். அவள் பெயரை அடித்தபோது யாரும் அவள் வயதைப் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் செய்தவன் நான்.

16. இந்த மனுவை விசாரித்தால், அவள் என் வீட்டில் குடியிருக்கவில்லை என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்பார்கள். எழிலரசி சொல்வாள், வீடு அவளுக்கும் சேர வேண்டியது, அதனால் சொல்கிறாள் என்பார்கள். சுரேஷ்குமார் அப்பா பேச்சுக்கு மாறாகப் பேசமாட்டான், அதனால் அவன் சாட்சி எடுபடாது. எல்லாம் தெரிந்தவள் என் மனைவி சரசு. “அவளை ஒரு நாளாவது உக்கார வச்சுச் சோறு போடுங்க” என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், கொரோனா முதல் அலையில் போய்விட்டாள். தசரதன் இல்லை. என் அம்மா இல்லை. அவளைத் தினம் ஏற்றி வந்து இறக்கிவிட்ட ஷேர் ஆட்டோக்காரரும் போன வருடம் காலமாகிவிட்டார். கூடத் துவைத்த அன்புச்செல்வியும் இப்போது இல்லை. நான் சொன்னால் செல்லாது. ஒரு தடவை பொய் சொன்னவன்.

மிச்சம் இருப்பவளும் என் பேச்சைத் தட்டமாட்டாள். என்னை வைத்துக்கொண்டு கேட்டால், அண்ணன் முதலில் சொன்னதுதான் சரி என்று மறுபடியும் சொல்லி, தன் வீட்டைத் தானே விட்டுக்கொடுத்துவிடுவாள். அதனால் நான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லி, எந்த அறையில் படுத்திருந்தாய் அம்மா என்று மட்டும் கேட்கும்படி பணிந்து வேண்டுகிறேன். அறைகளில் விரிப்பு மாற்றியிருக்கிறாளே தவிர, தான் படுத்ததாகப் பொய்யாகச் சொல்ல அவளுக்கு ஓர் அறை தெரியாது. என்னையும் சுரேஷ்குமாரையும் எழிலரசியையும் தவிர, உண்மை தெரிந்து இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி என் தங்கை, தசரதன் மனைவி பொன்னி.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 10.11.2025

காத்தவராயன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லக் கேட்டு எழுதி, முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டியவர்: வீரேந்திரன்